மஞ்சள் விளக்கும் மைக்கோ பிளக்கும்

ஃபியட் என்றே கடைசிவரை நாம் கூப்பிட்டுக்கொண்டிருந்த பிரீமியர் பத்மினியும், கல்யாண மாப்பிள்ளைக்கும் கலெக்டருக்கும் வாடகைச் சவாரிக்கும் ஒன்றுபோல உழைத்த அம்பாசடரும், சென்னைக்குப் பக்கத்திலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் ஓடிய காலத்தில், தனக்கு என்ன கோளாறு என்பதைக் கார் தானே வாய்விட்டுச் சொல்லிவிடும். பெட்ரோல் கூடுதலாகப் போனால் சைலன்சரில் கறுப்புப் புகை வரும், பின்னால் நிற்பவர் கண் எரியும். பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் ஏற்றத்தில் திக்கும், கார்புரேட்டர் வாயில் 'டப்' என்று ஒரு தும்மல் தும்மும். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அந்தச் சத்தமும் அந்த நெடியும் இன்னும் நினைவிலிருக்கும். ஜெமினி மேம்பாலத்தில் பாதி ஏற்றத்தில் நின்றுபோன வண்டியிலிருந்து இறங்கி, அப்பாவோடு சேர்ந்து தள்ளியவர்கள் நிச்சயம் மறந்திருக்க மாட்டார்கள்.

எண்பதுகளின் நடுவில் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்துக்கொண்டிருந்த நான், மாலையில் வீட்டுக்குப் போகிற வழியில் ராயப்பேட்டைச் சந்து ஒன்றில் இருந்த ஷெட்டுக்குள் நுழைந்தால், விளக்கு வைத்து நெடுநேரம் ஆகும்வரை அங்கேயேதான் கிடப்பேன். தகரக் கூரை, எண்ணெய் ஊறி ஊறிக் கறுத்து இறுகிப்போன மண் தரை, சுவரில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் கொடுத்த காலண்டர், ஒரு டால்டா டின்னில் பெட்ரோல், அதில் ஊறிக்கொண்டிருக்கும் ஜெட்டுகள். ஷெட்டை நடத்தியவரை வாடிக்கையாளர், வேலை பழகும் பையன்கள், டீக்கடைக்காரர் எல்லோருமே பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். கார்புரேட்டரில் கை வைப்பதற்கு முன்னால் பாய் பிளக்கைத்தான் கழற்றுவார்.

பாக்ஸ் ஸ்பேனரை வைத்து ஒரு திருப்பு; பிறகு விரலாலேயே சுழற்றி எடுத்து, சூட்டுக்குக் கைக்குக் கை மாற்றி, மைக்கோ என்று பெயர் பொறித்த அந்த பிளக்கை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். இன்ஜினுக்குள் எரிகிற பக்கத்தில், நடு முனையைச் சுற்றியிருக்கும் பீங்கான் என்ன நிறத்தில் இருக்கிறது என்பதுதான் விஷயம். கரி படிந்து மெத்தென்று கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் காற்று அதிகம், இன்ஜின் சூடேறுகிறது, வால்வுக்கு ஆபத்து.

"இன்னா கலர் தம்பி?"

"பிஸ்கட் கலர் பாய்."

"அப்ப மிக்சர் கரெக்டா கீது. கைய வெக்காத. கோளாறு வேற எங்கியோ கீது."

சரியாக இருப்பதைத் தொடாதே என்பது அந்த ஷெட்டில் நான் கேட்ட முதல் பாடம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத அந்தப் பாடத்துக்காகவே அங்கே கிடந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அப்படியெல்லாம் தோன்றவில்லை. பெட்ரோல் வாசனையும், பாய் வாங்கித் தரும் டீயும், ரிப்பேர் முடிந்த வண்டியை டிரையல் பார்க்க மெரினா வரை ஓட்டிப் போகும்போது முன் சீட்டில் உட்கார்ந்து கடற்காற்று வாங்குவதுமே அந்த வயதுக்குப் போதுமானதாக இருந்தது.

டியூனிங் செய்யும்போது ரேடியோவை நிறுத்தச் சொல்லிவிடுவார். இன்ஜின் சூடாகி ஐட்லிங்கில் ஓடிக்கொண்டிருக்கும். கார்புரேட்டரின் மிக்சர் ஸ்க்ரூவில் சின்ன ஸ்க்ரூடிரைவரை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, கால் திருப்பு உள்ளே, கால் திருப்பு வெளியே என்று மெல்லத் திருப்புவார். உலை மூடி ஆடுகிற சத்தத்தை வைத்தே கூடத்திலிருந்தபடி சோறு எந்தப் பதத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடும் நம் அம்மாக்களைப் போல, இன்ஜின் சத்தத்தில் அந்த ஒரு இடம் வந்ததும் பாய் கையை எடுத்துவிடுவார். அதற்குப் பிறகு சைலன்சர் வாயில் ஒரு வெள்ளைத் துணியைக் கொஞ்ச நேரம் பிடித்துக் காட்டுவார். துணி கறுக்காது. வண்டிக்குச் சொந்தக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருப்பார். அவர் முகத்தில் வருகிற திருப்தியும் கூலியில் சேர்த்தி என்று பாய் நினைத்தார்.

பெட்ரோல் அதிகமா, காற்று அதிகமா? பாய் வாழ்நாள் முழுவதும் கார்களிடம் கேட்டது இந்த ஒரே கேள்வியைத்தான். இன்றைய பெட்ரோல் கார் ஒவ்வொன்றிலும், எக்ஸாஸ்ட் குழாயில் மரையிட்டு முடுக்கி வைத்திருக்கும் விரல் நீள ஆக்சிஜன் சென்சார் கேட்பதும் இதே கேள்விதான். பாய் ஒரு வண்டியிடம் சில மாதங்களுக்கு ஒருமுறை கேட்டார். இது வண்டி ஓடுகிற நேரமெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

1976-ல் வோல்வோவின் 240 வரிசைக் கார்களில், கலிஃபோர்னியாவின் கடுமையான புகைச் சட்டத்தைச் சமாளிப்பதற்காக, ஜெர்மனியின் பாஷ் கம்பெனி செய்த லாம்டா சென்சார் என்ற பெயரில் இது முதன்முதலாக வந்தது. நம் பாய் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த மைக்கோ பிளக்கும் அதே பாஷ் குடும்பத்துச் சரக்குதான். பெங்களூரில் மைக்கோ என்ற பெயரில் இயங்கிய கம்பெனிதான் 2008-ல் பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பிளக்கைப் போலவே சென்சாரின் உள்ளேயும் இருப்பது பீங்கான்தான், ஆனால் சிர்கோனியாவில் செய்த பீங்கான். அதன் உள்பக்கம் வெளிக்காற்று, வெளிப்பக்கம் எக்ஸாஸ்ட் வாயு. சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானதும், இரண்டு பக்கமும் உள்ள ஆக்சிஜன் அளவின் வித்தியாசத்துக்கு ஏற்ப அதுவே ஒரு சின்ன மின்னழுத்தத்தைப் பிறப்பிக்கிறது. பெட்ரோல் அதிகமானால் 0.9 வோல்ட் அருகே; காற்று அதிகமானால் 0.1 வோல்ட் அருகே. ஒரு கிலோ பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று என்கிற சரியான கலவையைத் தாண்டும் இடத்தில், 0.45 வோல்ட்டைச் சுற்றி, சட்டென்று இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தாவும். இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டரான இசியு அந்தத் தாவலைப் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும், மறுபடி கூட்டும். ஆகவே நல்ல சென்சாரின் அடையாளம் அமைதி அல்ல, ஓயாத ஊசலாட்டம். ஸ்கேனர் திரையில் அந்தக் கோடு மேலும் கீழும் ஏறி இறங்குவதை முதல்முறை பார்த்தபோது, மிக்சர் ஸ்க்ரூவில் கால் திருப்பு உள்ளே, கால் திருப்பு வெளியே என்று போன பாயின் மணிக்கட்டுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அந்தக் காலத்து பெட்ரோல் வாசனையை நினைத்து உருகும்போது ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. அந்த பெட்ரோலில் ஈயம் இருந்தது. இன்ஜின் 'நாக்' அடிக்காமல் இருக்கக் கலந்த டெட்ராஎத்தில் லெட். பிளக்கில் படிந்த சாம்பல் நிறப் பொடியை எமரி பேப்பரால் தேய்த்து வாயால் ஊதுவோம்; அடைத்த ஜெட்டை உதட்டில் வைத்து ஊதுவோம்; அந்தக் கையோடு சமோசா சாப்பிடுவோம். ஷெட்டுக்கு வெளியே சைலன்சர் உயரத்தில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளும் அதைத்தான் சுவாசித்தார்கள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. எங்கள் சந்தில் யாரும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

ஈயத்தை விரட்டியதில் பெரும் பங்கு கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கு உண்டு. எக்ஸாஸ்ட் நச்சுகளை மாற்றுகிற அதன் உள்பூச்சின் மேல் ஈயம் படிந்தால் அது வேலை செய்யாது; ஆக்சிஜன் சென்சாரும் அப்படித்தான் செத்துப்போகும். 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதுக் கார்களுக்குக் கன்வர்ட்டர் கட்டாயமானபோது ஈயமில்லாத பெட்ரோலும் கூடவே வந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயமில்லாத பெட்ரோல்தான். என் இளமையின் வாசனை ஒன்று அதோடு போனது. போனது நல்லதற்குத்தான். இதைச் சொல்வதில் எனக்குத் துளியும் தயக்கமில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும். கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை வந்தது; கார்களின் பின்புறத்தில் அதன் பெயராக எம்பிஎஃப்ஐ என்ற எழுத்துகள் பளபளவென்று முளைத்தன. அதென்ன என்று தெரியாதவர்களும் பெருமையோடு அந்த இடத்தைத் துடைத்துக்கொண்டார்கள். கார்புரேட்டர் போயிற்று, சோக் போயிற்று, மார்கழிக் காலையில் சோக்கை இழுத்து, ஆக்சிலேட்டரை இரண்டு அழுத்து அழுத்தி, சாவியைத் திருப்பி, தெருவையே எழுப்புகிற அந்த வழக்கமும் போயிற்று. பானட்டைத் திறந்தால் இன்ஜினே தெரியாமல் கறுப்பு பிளாஸ்டிக் மூடி. 2010-ல் சென்னை முதலான நகரங்களுக்கு பிஎஸ் 4 என்ற புகை விதி வந்தது. 2020 ஏப்ரலில் நாடு முழுவதும் பிஎஸ் 6. மிக்சர் ஸ்க்ரூ இல்லாத காலத்தில் பாயைப் போன்றவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். சிலர் புதுப்பேட்டையில் பழைய சாமான் வியாபாரத்துக்குப் போனார்கள். சிலர் மகன்களிடம் ஷெட்டை ஒப்படைத்துவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

இப்போது கார் சத்தம் போடுவதில்லை. மீட்டர் போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று எரியும், அவ்வளவுதான். வண்டி வழக்கம்போல ஓடும், ஏற்றம் ஏறும், ஏசி குளிரும். மைலேஜ் கொஞ்சம் குறைந்திருக்கும். அதையும் டிராஃபிக் மேல் போட்டுவிடுவோம். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள பதினாறு பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால் ஒரு எண் வரும். சென்சார் பற்றிய எண்கள் ஒரு பெரிய குடும்பம்: பி0130 என்றால் கன்வர்ட்டருக்கு முந்தைய சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு, பி0131 என்றால் வோல்ட்டேஜ் குறைவு, பி0133 என்றால் சென்சார் மந்தம், பி0135 என்றால் சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டரின் சர்க்யூட்டில் கோளாறு. எண்ணைப் பார்த்ததும் பெரும்பாலான இடங்களில் நடப்பது ஒன்றுதான். சென்சாரை மாற்றிவிடுவார்கள். சில ஆயிரம் ரூபாய்ச் சாமான். எண்ணை அழித்துவிட்டு வண்டியைக் கொடுத்துவிடுவார்கள்.

என் மைத்துனரின் காருக்கு அப்படித்தான் நடந்தது. பி0135. புதுச் சென்சார் போட்டார்கள், விளக்கு அணைந்தது, சில நாளில் மறுபடி எரிந்தது. திரும்பக் கொண்டுபோனதற்கு, இசியு போயிருக்கலாம் என்று சொல்லி ஒரு தொகையும் சொன்னார்கள். அந்தத் தொகையைக் கேட்டபிறகு மைத்துனர் எனக்கு போன் செய்தார். போரூர் பக்கம் எனக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒரு இளைஞன் இருந்தான். கெட்டிக்காரன், அதிகம் பேசமாட்டான். அவனிடம் கொண்டுபோனோம்.

ஸ்கேனரில் எண்ணைப் பார்த்துவிட்டு அவன் சொன்ன முதல் வாக்கியத்தை நான் மிகவும் ரசித்தேன். "சார், சென்சார் போச்சுன்னு இது சொல்லல. ஹீட்டர் சர்க்யூட் சரியில்லன்னுதான் சொல்லுது. சர்க்யூட்டுன்னா ஃப்யூஸ்ல ஆரம்பிச்சு இசியு வரைக்கும் எல்லாம்தான்."

இந்த வேறுபாடு தெரியாமல்தான் ஊரில் நல்ல சென்சார்கள் குப்பைக்குப் போகின்றன. பி0131 வந்தால் சென்சார் கெட்டிருக்கலாம். சிக்னல் வயர் எங்கோ உரசி எர்த் ஆகியிருக்கலாம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கெட் கசிந்து வெளிக்காற்று உள்ளே புகுந்திருக்கலாம். அப்படிக் காற்று புகுந்தால் சென்சார் 'காற்று அதிகம்' என்று சொல்லும். அது இருக்கும் இடத்தில் அது பார்த்த உண்மை அதுதான். உண்மையைச் சொன்னதற்காக அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை வைத்தால் புதியதும் அதையேதான் சொல்லும்.

அந்தப் பையன் ஃப்யூஸிலிருந்து ஆரம்பித்தான். பிடுங்கிப் பார்த்துவிட்டுச் சும்மா வைக்கவில்லை. சாவியை ஆன் செய்து, ஃப்யூஸின் இரண்டு பக்கமும் கரண்ட் வருகிறதா என்று தொட்டுப் பார்த்தான். வந்தது. பிறகு சென்சார் கப்ளரைக் கழற்றினான். நான்கு வயர். வெள்ளை இரண்டும் ஹீட்டருக்கு, கறுப்பு சிக்னல், சாம்பல் அதன் எர்த். எல்லாக் கம்பெனியும் இந்த நிறங்களை வைப்பதில்லை; இதில் இருந்தது. வெள்ளை இரண்டுக்கும் நடுவே மல்டிமீட்டரை ஓமில் வைத்தான். ஒற்றை இலக்கத்தில் ஓம் காட்டியது. ஹீட்டர் நன்றாகவே இருக்கிறது. "பழைய சென்சார் இருக்கா சார்?" என்றான். மைத்துனர் டிக்கியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதன் ஹீட்டரும் அதே அளவு காட்டியது. மாற்ற வேண்டிய அவசியமே இல்லாத சென்சார் அது. மைத்துனர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அடுத்து வண்டியின் பக்கத்துக் கப்ளரில், ஹீட்டருக்குக் கரண்ட் வருகிற பின்னில் மீட்டரை வைத்தான். 12 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டியது. பலரும் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள்: ஃப்யூஸ் சரி, ஹீட்டர் சரி, கரண்ட் வருகிறது, ஆகவே இசியு. அந்தத் தொகை இந்த வழியில்தான் வந்திருக்க வேண்டும்.

பையன் மீட்டரைக் கீழே வைத்துவிட்டு டூல்பாக்ஸைக் கிளறி, இரண்டு வயர் தொங்கும் ஒரு ஹோல்டரில் மாட்டிய இண்டிகேட்டர் பல்பை எடுத்தான். அதைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ துள்ளியது. பாயின் ஷெட்டில் அதே பல்பு, அதே ஹோல்டர், ஆணியில் தொங்கும். டைனமோ முதல் ஹார்ன் வரை எல்லாவற்றுக்கும் அதுதான். ஒரு வயரை பேட்டரியின் நெகட்டிவில் கவ்வவிட்டு, இன்னொன்றை அந்தக் கரண்ட் பின்னில் வைத்தான். பல்பு எரியவேண்டிய பிரகாசத்தில் எரியவில்லை. உள்ளே இழை மட்டும் சோகையாகச் சிவந்தது.

மீட்டர் கிட்டத்தட்ட கரண்டே எடுத்துக்கொள்ளாத கருவி. வழியில் எவ்வளவு மோசமான ஜாயிண்ட் இருந்தாலும், அதன் வழியே ஒரு துளி வந்தால் போதும், முழு வோல்ட்டேஜையும் காட்டிவிடும். ஹீட்டருக்கோ ஒரு ஆம்பியர், அதற்கு மேலும் வேண்டும். அவ்வளவு கரண்ட் ஓட ஆரம்பித்ததும் கெட்ட ஜாயிண்ட் வோல்ட்டேஜை விழுங்கிவிடும். பல்பு ஹீட்டரைப் போலவே கரண்ட் கேட்கும், அதனால் மீட்டருக்குத் தெரியாதது பல்புக்குத் தெரிந்தது. "ஆனா சார், இந்த பல்ப இசியு பின்னுலயோ சிக்னல் வயர்லயோ வெச்சிடக் கூடாது, இசியு காலி" என்று என்னைப் பார்த்துச் சொன்னான். எந்த இடத்தில் எந்தக் கருவி என்று தெரிவதுதான் தொழில். பல்பு யார் கொடுத்தது என்று கேட்டேன். "எங்க வாத்தியார்து சார்" என்றான்.

அதற்குப் பிறகு வயரைத் தடவிக்கொண்டே போனான். கன்வர்ட்டர் பக்கத்திலிருந்து இன்ஜின் ஓரமாக ஏறி, பேட்டரி தட்டுக்குப் பின்னால் வளைகிற இடத்தில் விரல் நின்றது. கறுப்பு இன்சுலேஷன் டேப். என்றோ எலி கடித்த வயரை யாரோ முறுக்கி, டேப் சுற்றி விட்டிருக்கிறார்கள். டேப்பைப் பிரித்தால் செம்பு முழுவதும் பச்சை பூத்துப் பொடிந்திருந்தது. சென்னையின் ஐப்பசி மழையும் பேட்டரி ஆவியும் சேர்ந்து செய்த வேலை. பச்சைப் பொடியை அவன் நகத்தால் சுரண்டிக் காட்டினான். உள்ளே இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருந்தன.

கெட்ட பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, புது வயர்த் துண்டு வைத்து, கிரிம்ப் செய்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடினான். இதே பழுது சென்சாரின் சொந்த வயரில் இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "ஈயம் வெச்சுப் பத்த வெக்க மாட்டேன் சார், கிரிம்ப்தான்" என்றான். காரணமும் தெரிந்திருந்தது: பல சென்சார்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய வெளிக்காற்று அந்த வயர் இழைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி வழியாகத்தான் உள்ளே போகிறது. உருக்கி ஊற்றினாலும், கப்ளரில் கிரீஸ் அடைத்தாலும் அந்த வழி மூடிக்கொள்ளும். சென்சார் மூச்சுத் திணறிப் பொய் சொல்ல ஆரம்பிக்கும்.

இன்ஜின் ஆறியிருந்தது. ஸ்டார்ட் செய்து ஸ்கேனரில் லைவ் டேட்டாவைத் திறந்தான். முதலில் கோடு அசையாமல் கிடந்தது. ஹீட்டர் பீங்கானைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, கோடு ஒருமுறை துள்ளியது, விழுந்தது, பிறகு 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே ஓயாமல் ஏறி இறங்கத் தொடங்கியது. அவன் அதோடு விடவில்லை. ஒரு வேக்குவம் குழாயைப் பிடுங்கினான், கோடு கீழே போய்ப் படுத்தது. செருகிவிட்டு ஆக்சிலேட்டரைச் சட்டென்று மிதித்தான், மேலே பாய்ந்தது. கன்வர்ட்டருக்குப் பிந்தைய சென்சாரின் கோட்டையும் காட்டினான், அது 0.6, 0.7 என்று அசையாமல் நின்றது, கன்வர்ட்டர் நன்றாக இருப்பதன் அடையாளம். ராயப்பேட்டைச் சந்தில் ரேடியோவை நிறுத்திவிட்டு எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தக் கணங்களின் மகிழ்ச்சி, காதுக்குப் பதிலாகக் கண் வழியாக, எனக்கு அப்படியே திரும்பக் கிடைத்தது.

ஆகவே திறமை செத்துவிட்டது என்று புலம்புகிறவர்களோடு நான் சேரமாட்டேன். பாயின் காது எங்கும் போய்விடவில்லை. இந்தப் பையனின் விரலிலும் கண்ணிலும் இருக்கிறது. அவனுக்குத் தெரிந்த மின்சாரத்தில் பாதிகூட பாய்க்குத் தெரியாது. போனது வேறொன்று. சோதிப்பதற்கான நேரம், அந்த நேரத்துக்கு மரியாதையும் கூலியும் கொடுக்கும் வழக்கம். பையன் கூலி சொன்னபோது மைத்துனர் கொஞ்சம் தயங்கி, "ஒரு வயர் ஒட்டினதுக்கா?" என்று கேட்டுவிட்டார். சென்சாருக்கு அதைப்போலப் பல மடங்கு கேள்வி கேட்காமல் கொடுத்தவர் அவர். கையில் ஒரு பெட்டியோடு, ஒரு பார்ட் நம்பரோடு வந்தால் பணம் கொடுக்க மனம் வருகிறது. ஒருவன் வெயிலில் குனிந்து நின்று, எது கெடவில்லை என்பதை ஒவ்வொன்றாக உறுதி செய்துகொண்டே போய்ப் பழுதைக் கண்டுபிடித்தால் அதற்குக் கொடுக்க மனம் வருவதில்லை. பாயின் ஷெட்டில் வண்டிக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார். எவ்வளவு வேலை நடந்தது என்பது அவருக்குத் தெரியும். இன்று வண்டியைக் கொடுத்துவிட்டு வாட்ஸ்அப்பில் பில்லுக்குக் காத்திருக்கிறோம். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஏசி, காபி. அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியாது. சோதித்த நேரத்துக்குக் காசு கிடைக்காது என்று தெரிந்த மெக்கானிக் பார்ட்டை மாற்றத்தான் செய்வான். அவனை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

மைத்துனர் கடைசியில் கேட்டதைவிடக் கூடுதலாகவே கொடுத்தார். விளக்கு அதற்குப் பிறகு எரியவில்லை.

உங்கள் காரிலும் அந்த மஞ்சள் விளக்கு எரியலாம். எரிந்தால், எண்ணை அழித்துவிட்டு ஓட்டாதீர்கள். கெடுவது மைலேஜ் மட்டுமல்ல, கலவை சரியில்லாமல் ஓடினால் சென்சாரைவிடப் பல மடங்கு விலையுள்ள கன்வர்ட்டரும் சேர்ந்து கெடும். எண் என்ன என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சென்சாரை மாற்ற வேண்டும் என்று சொன்னால், ஃப்யூஸையும் ஹீட்டர் ஓமையும் பார்த்தீர்களா, லோடு கொடுத்துக் கரண்ட் வருகிறதா என்று சோதித்தீர்களா, எக்ஸாஸ்டில் கசிவு இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். பழைய சாமானைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, சென்சார் நன்றாக இருக்கிறது, வயரில்தான் கோளாறு என்று ஒருவர் சொன்னால், அவர் சோதித்த நேரத்துக்குப் பேரம் பேசாமல் கூலி கொடுங்கள்.